தனியாக ஓடினாலும் தனியாள் இல்லை

(‘சாதனைக்குப் பெரிதும் துணை நிற்பது தனி முயற்சியா, உடனிருப்போரா?’ என்ற தொலைக்காட்சி மன்றத்தில், ‘உடனிருப்போரே’ என்ற அணியில் சாங்கிவாசி ஒருவர் ஆற்றிய உரை.)



எதிரணி நண்பர் எம். ரமேஷனை எடுத்துக்காட்டினார். 1995ல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடிய மாரத்தான், 2019 வரை நம் தேசிய சாதனையாக நிலைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாரத்தான் போட்டியில் வழியெங்கும் ஏற்பாட்டாளர்கள் தண்ணீரோடு நிற்பார்கள். போட்டியே இல்லாமல், 42 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை ஒருவர் தாமாகவே ஓடினால் தண்ணீர் கொடுப்பது யார்?

2022ல் நான் அப்படி ஓடினேன். சாங்கி வில்லேஜிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாக மரினா அணைக்கட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். தூரம் 50 கிலோமீட்டரைத் தாண்டும். வெயிலுக்குப் பயந்து இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டேன். மனைவி காரில் முன்னே போய் ஒவ்வொரு கார் நிறுத்துமிடத்திலும் காத்திருந்தார். மச்சான் சைக்கிளில் கூடவே வந்தார்.

தாகத்துக்குமேல் தண்ணீர் குடித்தால் நல்லது என்று நினைத்து, போத்தல் போத்தலாகக் காலி செய்தேன். மனைவி நீட்டிய உப்புக் கஞ்சியைக் குமட்டுகிறது என்று ஒதுக்கினேன். திரும்பும் வழியில் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் விரல்கள் வீங்கி, மோதிரம் இறுகியது.

மனைவி என் முகத்தைப் பார்த்தார். “ஏங்க, நம்ம புளோக் நம்பர் என்ன, சொல்லுங்க” என்றார். பல ஆண்டுகள் குடியிருந்த வீடு. எனக்குச் சொல்ல வரவில்லை.

“ஓடினது போதும், வண்டியில ஏறுங்க.”

“ஓடுறது நானா, நீயா?” என்று கத்தினேன். அவருடைய தம்பியின் முன்னாலேயே அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மச்சான் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எனக்குக் குறுக்கே நிறுத்தினார்.

இரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். வியர்வையில் உப்பு போகிறது. தேவைக்குமேல் வெறும் தண்ணீரை ஊற்றினால் இருக்கும் உப்பும் நீர்த்துவிடும். முற்றினால் மூளை வீங்கி உயிரே போகலாம். நான் ஓடத் துடித்த அடுத்த பகுதி தானா மேரா கடலோரச் சாலை. பின்னிரவில் அங்கே கடையும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை.

நடுவர் அவர்களே, குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியது தெரியாது. மன உறுதி என்று எதிரணி போற்றுவதுதான் அன்று என்னைச் சாவை நோக்கி ஓடச் சொன்னது. அருகில் இருந்தவர்கள்தான் என்னைத் தடுத்தார்கள்.

வெளிநாடுகளிலும் இந்த நடைமுறை உண்டு. அமெரிக்காவின் டெத் வேலியில் நடக்கும் 217 கிலோமீட்டர் பேட்வாட்டர் ஓட்டத்தில், ஒவ்வொருவரும் சொந்த உதவிக் குழுவோடு வரவேண்டும். அந்தப் பாதையை முதன்முதலில் 1977ல் ஓடிமுடித்த ஆல் அர்னால்டும் அதற்குமுன் இரண்டு முறை பாதியில் நிறுத்தியவர்தான். 2024ல் நட்டாலி டாவ், தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து சிங்கப்பூர் வரை 1,000 கிலோமீட்டரை 12 நாட்களில் ஓடியபோதும் அவருடன் ஒரு குழு சென்றது.

2023ல் நான் மறுபடியும் புறப்பட்டேன். புறப்படும் முன் ஒரு தாளில், “நிறுத்தச் சொல்லும் உரிமை என் மனைவிக்கு மட்டுமே” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இம்முறை தாகத்துக்கு மட்டும் தண்ணீர் குடித்தேன். கஞ்சியையும் மறுக்கவில்லை. பொழுது விடியும் முன் சாங்கி வில்லேஜுக்குத் திரும்பியபோது, மனைவி குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, “புளோக் நம்பர்?” என்றார். சரியாகச் சொன்னேன்.

நேயர்களே, நீங்களும் இப்படி ஓடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களை நிறுத்தக்கூடிய ஒருவரை முதலில் தேர்ந்தெடுத்து, அவர் சொன்னால் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காலணியை மாட்டுங்கள்.