காலியிடமும் மாற்று ஆட்டக்காரரும்

இந்தியக் கிரிக்கெட் குழு தோற்கத் தொடங்கினால், நாட்டில் தேர்வாளர்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. தில்லிக் கரோல் பாகிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் வாழும் நம்மவர் இதற்கு விலக்கல்லர். காப்பி ஆறுவதற்குள் பதினொருவர் கொண்ட புதிய பட்டியல் ஒன்று தயாராகிவிடுகிறது. அதில் பேசுபவரின் சொந்த ஜில்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெயர் தப்பாமல் இடம் பெற்றிருக்கும். தூர தேசத்தில் இருப்பவருக்கு ஊர்ப் பற்று சற்று அதிகமாகவே சுரக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை.

சமீப காலத்தில் இத்தகைய பட்டியல்களுக்கு வேலை மிகுதி. 2024-இல் நியூஸிலாந்துக் குழு நம் நாட்டுக்கே வந்து மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் நம்மை வென்று சென்றது. 2025 மே மாதத்தில் ரோகித் சர்மாவும் விராட் கோலியும் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றனர். அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கர் வந்தனர். கொல்கத்தாவில் 124 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் நம்மவர் 93-க்குள் சுருண்டனர். கௌஹாத்தியில் 408 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றனர். ஓட்டக் கணக்கில் இந்தியா இதைவிடப் பெரிய தோல்வி கண்டதில்லை. பழையவர்களை மாற்று, புதியவர்களைக் கொண்டு வா என்ற குரல் எழுந்ததில் வியப்பில்லை. யாரை, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதே கேள்வி.

மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணி புரிபவர்களுக்கு ஒரு வேற்றுமை நன்கு தெரியும். ஒருவர் விடுப்பில் போனால் ஏற்படுவது ஒரு வகைக் காலியிடம். ஓய்வு பெற்றுப் போனால் ஏற்படுவது மற்றொரு வகை. முன்னதில் அமர்பவர், வர வேண்டியவர் வந்ததும் எழுந்து கொள்ள வேண்டும். பின்னதில் அமர்பவருக்கு அந்த இடம் உரியது. அதைக் கற்றுக் கொள்ள அவகாசமும் உரியது. தேர்வாளர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் விளைபவை என்பது என் அபிப்பிராயம். (மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இங்கே ஒரு சிறு தொல்லை. கிரிக்கெட்டில் ‘சப்ஸ்டிட்யூட்’ என்றால் மைதானத்தில் நின்று பந்தைத் தடுக்கலாம், மட்டையைத் தொடக்கூடாது. 2019 முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருபவர் மட்டை பிடிக்கலாம். ஆகவே ‘பதிலாள்’ என்ற சொல்லை விட்டு, ‘மாற்று ஆட்டக்காரர்’ என்றே இங்குச் சொல்கிறேன்.)

நமது கிரிக்கெட் சரித்திரத்தில் மாற்று ஆட்டக்காரர் கதைகள் பல. அவற்றுள் 1952-ஆம் ஆண்டுக் கதை மறக்கவொண்ணாதது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் நமது குழு ஓர் ஓட்டம்கூட எடுக்குமுன் நான்கு விக்கெட்டுகளை இழந்து நின்றது. பலகையில் ஒரு பக்கம் பூஜ்யம், மறு பக்கம் நான்கு. அந்த வேளையில் வினு மன்கட் அதே இங்கிலாந்தில் லங்காஷயர் லீகில் ஹாஸ்லிங்டன் என்ற சிற்றூருக்காக ஆடிக் கொண்டிருந்தார். சுற்றுப்பயணக் குழுவில் அவருக்கு இடமில்லை. லீட்ஸ் தோல்விக்குப் பின் அவரை அழைத்தனர். லார்ட்ஸ் மைதானத்தில் அவர் முதல் இன்னிங்ஸில் 72, இரண்டாவதில் 184 ஓட்டங்கள் எடுத்தார். இடையில் எதிரிக்கு 73 ஓவர்கள் பந்து வீசி ஐந்து விக்கெட்டுகளையும் சாய்த்தார். ஒரு மனிதர் இதைவிட என்ன செய்ய முடியும்? இந்தியா அந்த ஆட்டத்தில் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்து மான்செஸ்டரில், மன்கட் குழுவில் இருந்தும், 58, 82 என ஒரே நாளில் இருமுறை நம்மவர் ஆட்டமிழந்தனர். ட்ரூமனின் வேகத்தைக் கண்டு பின்வாங்கும் கால்கள் ஐந்தாறு ஜோடி இருக்கையில், உறுதியாய் நின்ற ஒரு ஜோடிக் கால் மானத்தைக் காக்கலாமே தவிர ஆட்டத்தைக் காக்க இயலாது.

1959-இலும் இங்கிலாந்தில்தான். ஐந்து டெஸ்டுகளிலும் தோற்ற சுற்றுப்பயணம் அது. விஜய் மஞ்ச்ரேகர் காயமுற்றதால், ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்த இருபது வயது மாணவர் அப்பாஸ் அலி பேகை மான்செஸ்டர் ஆட்டத்துக்கு அழைத்தனர். அவர் தம் முதல் டெஸ்டிலேயே, நடுவில் பந்து தாக்கி வெளியேறித் திரும்பி வந்து, 112 ஓட்டங்கள் குவித்தார். ஆனால் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை பத்து ஆட்டங்களோடு முடிந்தது. திடீரென்று கிடைத்த மாணிக்கத்தைத் திடீரென்றே வைத்த இடம் மறந்துவிடும் வழக்கம் நமக்குப் பழையதுதான்.

1968 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த ஜெய்சிம்மா விமானத்தில் அனுப்பப்பட்டார். காயமடைந்தவரோ பந்து வீச்சாளர் சந்திரசேகர்; போனவரோ மட்டையாளர். தேவை எங்கே என்பதைக் கண்டு அனுப்பினார்கள் போலும். பிரிஸ்பேனில் அவர் 74, 101 என்று ஆடினார். 395 தேவைப்பட்ட இந்தியா 39 ஓட்டங்கள் குறைவாகத் தோற்றது.

இவற்றுக்கு மாறான கதை சென்னையில் நடந்தது. 1958-59-இல் மேற்கிந்தியக் குழு வந்தபோது, ஐந்து டெஸ்டுகளில் நமக்கு நான்கு தலைவர்கள். நான்காவது ஆட்டம் சென்னையில். மஞ்ச்ரேகர் ஆட இயலவில்லை. தலைவர் உம்ரிகர், மட்டையாளர் மனோகர் ஹர்டிகரைக் கேட்டார். வாரியத் தலைவரோ சுழற்பந்து வீச்சாளர் ஜசு படேலைச் சேர்க்க விரும்பினார். ஆட்டத்துக்கு முந்திய இரவு உம்ரிகர் தலைமைப் பதவியைத் துறந்தார். மறுநாள் மன்கட் தலைமை ஏற்றார். இந்தியா 295 ஓட்டங்களில் தோற்றது. ஜசு படேல் மோசமான ஆட்டக்காரர் என்பதல்ல விஷயம். அதே 1959 டிசம்பரில் கான்பூரில் ஆஸ்திரேலியாவின் பதினான்கு விக்கெட்டுகளைச் சாய்த்து வெற்றி தேடித் தந்தவர் அவர்தான். ஆனால் ஓட்டம் எடுக்க ஆளில்லாத குழுவின் தலைவர் ஓட்டம் எடுக்க ஆள் கேட்கும்போது, அந்த ஆளைக் கொடுப்பதா வேறொருவரைக் கொடுப்பதா என்பதை ஆட்டத்துக்கு முந்திய இரவு விவாதிக்கலாகாது.

நல்ல முறையில் நடந்த தேர்வுக்கு உதாரணம் வேண்டுமானால் 1996-ஐச் சொல்லலாம். இங்கிலாந்தில் முதல் டெஸ்டில் தோல்வி. சித்து மனத்தாங்கலோடு நாடு திரும்பிவிட்டார். சஞ்சய் மஞ்ச்ரேகருக்குக் காயம். லார்ட்ஸில் சௌரவ் கங்குலி, ராகுல் திராவிட் ஆகிய இருவரும் முதன்முறையாக இறங்கினர். கங்குலி 131, திராவிட் 95. இருவரும் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். திராவிட் ஐந்து ஆண்டுகளாகக் கர்நாடகத்துக்கு ரஞ்சி ஆட்டங்களில் ஆடி வந்தவர். கங்குலி 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு நாள் ஆட்டம் ஆடிவிட்டு நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர். காத்திருக்கும் காலத்தில் தேய்ந்து போகாதவர்களைப் பெட்டியில் எடுத்துச் சென்றிருந்தார்கள் என்பதே அந்தத் தேர்வின் சிறப்பு.

பெட்டியில் எடுத்துச் செல்லாவிட்டால் என்ன ஆகும்? 2010 பிப்ரவரியில் நாகபுரியில் தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட். திராவிடும் லக்ஷ்மணனும் காயத்தால் ஆடவில்லை. நம் பத்ரிநாத் முதன்முறையாக இறங்கி 56 எடுத்தார். லக்ஷ்மணன் இடத்தில் ஆட இருந்த ரோகித் சர்மா, ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியில் கணுக்கால் பிசகி விழுந்தார். வேறு மட்டையாளர் கைவசம் இல்லை. விக்கெட் காக்க உபரியாக வந்திருந்த விருத்திமான் சாஹாவை மட்டையாளராகவே களத்தில் இறக்கினார்கள். அவர் பூஜ்யம், 36 என ஆடியதைக் குற்றம் சொல்வது நியாயமன்று. இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது. சொந்த நாட்டில், விமானத்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் டஜன் கணக்கில் ரஞ்சி ஆட்டக்காரர்கள் இருக்கையில் இப்படி நேர்ந்தது.

இனி என் மனத்தை மிகவும் உறுத்தும் கதைக்கு வருகிறேன். 2016 டிசம்பர், சேப்பாக்கம். அஜிங்கிய ரஹானே காயத்தால் ஆடவில்லை. அந்தத் தொடரில் கருண் நாயர் ஆடினார். இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியாவுக்காக டெஸ்டில் முந்நூறு கடந்தவர் அதற்கு முன் சேவாக் ஒருவரே. அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில். ரஹானே திரும்பினார், முந்நூறு எடுத்தவர் வெளியே உட்கார்ந்தார்.

இது அநியாயம் என்று அன்று கூக்குரலிட்டவர் பலர். நான் அப்படிக் கருதவில்லை. விடுப்பில் சென்றவர் திரும்பினால் நாற்காலி அவருக்கே. காயம் பட்டால் இடம் பறிபோகும் என்ற அச்சம் பரவினால், யாரும் காயத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். அநியாயம் பின்னர் நிகழ்ந்தது. 2018-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முழுவதும் நாயர் குழுவில் இருந்தார். கடைசி டெஸ்டில் ஓர் இடம் காலியானபோது, பாதியில் அழைத்து வரப்பட்ட ஹனுமா விஹாரிக்கு அதைக் கொடுத்தார்கள். விஹாரி 56 எடுத்துத் தம் தகுதியைக் காட்டினார். அவர் மேல் பிழையில்லை. ஆயினும் வரிசையில் முன்னால் நின்றவரைத் தாண்டிப் பின்னால் வந்தவருக்குச் சீட்டுக் கொடுத்தால், வரிசை எதற்கு? விதர்பாவுக்காக ஓட்டங்களைக் குவித்து, 2025-இல் நாயர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். நான்கு டெஸ்டுகளில் ஒரே ஓர் அரைச்சதம். மறுபடி இடமிழந்தார். இருபத்தைந்து வயதில் கொடுத்திருக்க வேண்டியதை முப்பத்து மூன்றில் கொடுத்துப் பார்த்தார்கள்.

இவ்வளவு சொன்ன பின், என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் மறைக்கலாகாது. 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. கோலி குழந்தைப் பேற்றை முன்னிட்டு நாடு திரும்பினார். அவருடைய இடத்துக்கு மற்றொரு மட்டையாளரைத் தேடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தபோது, பந்தும் வீசக்கூடிய ஜடேஜாவைச் சேர்த்தார்கள். மெல்பர்னில் ரஹானே 112, ஜடேஜா 57, புதியவர் சுப்மன் கில் 45, பிறகு ஆட்டமிழக்காமல் 35. வெற்றி. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் காயமுறாதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காகத் தங்கியிருந்த சென்னை வாஷிங்டன் சுந்தரையும் சேலத்து நடராஜனையும் இறக்கினார்கள். சுந்தர் மூன்று ஆண்டுகளாக முதல் தர ஆட்டமே ஆடாதவர். அவர் 62 எடுத்து, ஷர்துல் தாக்குருடன் 123 ஓட்டங்கள் சேர்த்தார். 328 எடுத்து இந்தியா வென்றது. தில்லியில் நம்மவர் வீடுகளில் அன்று இனிப்பு வழங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்து வீச்சாளர் என்று எண்ணப்பட்ட சுந்தர், 2017-இல் தமிழ்நாட்டுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கித் திரிபுராவுக்கு எதிராக 159 எடுத்தவர். தற்செயல் என்று தோன்றியதற்குப் பின்னால் ஒரு ரஞ்சிக் காலை இருந்தது.

அதே சுந்தரைத்தான் 2025 நவம்பரில் கொல்கத்தாவில் மூன்றாவது இடத்தில் ஆட விட்டார்கள். அந்த இடத்துக்கு முன்பே அமர்த்தப்பட்டிருந்தவர் மற்றொரு சென்னை இளைஞர் சாய் சுதர்சன். அவர் ஜூனில் லீட்ஸில் பூஜ்யம், 30 எடுத்தார்; உடனே நீக்கப்பட்டார். மான்செஸ்டரில் திரும்பி 61 எடுத்தார். அக்டோபரில் தில்லியில் மேற்கிந்தியருக்கு எதிராக 87-உம் 39-உம் எடுத்தார். அடுத்த டெஸ்டான கொல்கத்தாவில் அவர் இல்லை. அதற்கடுத்த கௌஹாத்தியில் மீண்டும் இருந்தார். ஊர்ப் பற்றினால் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அவர் பஞ்சாபியாக இருந்தாலும் இதையே சொல்வேன். மூன்றாம் இடம் விடுப்புக் காலியிடமன்று, நிரந்தரக் காலியிடம். அதில் அமர்த்தியவருக்கு எட்டுப் பத்து இன்னிங்ஸாவது தொடர்ந்து கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். எட்டும் பூஜ்யமானால் நானே அவரை ரயிலேற்றி விடுகிறேன்.

நோய் எது என்பதையும் பார்க்க வேண்டும். புனேயில் சான்ட்னர் பதின்மூன்று விக்கெட். மும்பையில் அஜாஸ் படேல் பதினொன்று. தென்னாப்பிரிக்காவின் ஹார்மர் இரண்டு ஆட்டங்களில் பதினேழு. மூவரும் சுழற்பந்து வீச்சாளர்கள். நம் சொந்த மண்ணில், திரும்பும் பந்தை ஆடத் தெரியாமல் தோற்றிருக்கிறோம். இந்தக் குறையைத் தீர்ப்பவரை இருபது ஓவர் ஆட்டத்தின் வெளிச்சத்தில் தேடிப் பயனில்லை. அங்கே ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு நான்கு ஓவர்தான். ஆட்டக்காரர் நான்கு ஓவர் தாக்குப் பிடித்தால் போதும். நான்காம் நாள் பிற்பகலில், பிளந்த மண்ணில், இருபது ஓவர்கள் ஒருவரே வீச, குறுகிய இடத்தில் நான்கு பேர் கை நீட்டி நிற்க, முன்கால் வைப்பதா பின்கால் வைப்பதா என்று ஒவ்வொரு பந்துக்கும் முடிவு செய்யும் வித்தை வேறு.

அந்த வித்தை ரஞ்சி ஆட்டங்களில் காணக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் குழு வெளி மாநிலங்களுக்கு ஆட வரும்போது கூட்டம் மிகக் குறைவு. நிழலான இடமாகப் பார்த்து உட்காரலாம். நம் பையன் எத்தனை அடித்தான் என்பதோடு நில்லாமல், இடக்கைச் சுழல் வீச்சாளர் வந்ததும் அவன் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். எதிர்க் குழுவில் அதைச் செம்மையாகச் செய்பவர் யாரேனும் இருந்தால், அவர் பெயரையும் காப்பிப் பட்டியலில் குறித்துக் கொள்ளுங்கள்.