எழுதி வைத்த எச்சரிக்கை



2017 ஆகஸ்ட் 10 இரவு, கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திரவ ஆக்சிஜன் தீர்ந்தது. நிலுவைத் தொகை ரூ.60 லட்சத்துக்கும் மேல். பணம் கேட்டு நிறுவனம் பலமுறை எழுதியிருந்தது. இருப்பு குறைவதை ஆக்சிஜன் பிரிவு ஊழியர்களும் எழுத்தில் தெரிவித்திருந்தனர். மூளைக்காய்ச்சல் பருவம் அது. இரு நாட்களில் குறைந்தது 30 குழந்தைகள் மாண்டனர். ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமன்று என்றது மாநில அரசு.

நோயாளர் பாதுகாப்பு என்றதும் கைகழுவுதல், பதிவேடு என்கிறார்கள். வேண்டியவைதாம். ஆயினும் அபாயத்தை முதலில் காண்பவர் அளவுமானியைப் பார்க்கும் ஊழியரே. அவர் கடிதத்துக்கு யார், எத்தனை மணி நேரத்தில் பதிலளிப்பது என்பது விதியாக வேண்டும். ஒப்பந்த ஊழியராயின் எழுதவே அஞ்சுவார். மருத்துவமனைப் பாதுகாப்புக் குழுக்களில் தொழிற்சங்கத்துக்கு இடம் கேட்போம்; நிலுவைப் பட்டியலை மாதந்தோறும் வெளியிடக் கோருவோம்.