அறைக்குக் கழிவா, குடும்பத்திற்குக் கழிவா?



குடும்பத்தோடு ஒருமுறையாவது ஐரோப்பாவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம்மவர் பலருக்கு உண்டு. சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, மலிவான காலம் பார்த்து விமானச் சீட்டையும் வாங்கிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் தங்கும் விடுதிச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் இணையத்தில் '40 விழுக்காடு கழிவு' என்று சிவப்பெழுத்தில் பார்த்தால், கை தானாகக் கடன்பற்று அட்டையைத் தேடுகிறது.

கழிவு எல்லாமே ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். அந்தக் கழிவு அறைக்குக் கிடைக்கிறதா, நம் குடும்பத்திற்குக் கிடைக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல.

விடுதிக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார்? இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளைக்கு விற்க முடியாது. சந்தையில் மாலை நேரத்துக் கீரை மாதிரிதான். அதனால், முன்கூட்டியே பணத்தைக் கட்டி, வராவிட்டாலும் திரும்பக் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு அவர் விலையைக் குறைத்துத் தருகிறார். நாம் பெறும் கழிவுக்கு ஈடாக, மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம்.

தனி ஆளுக்கு இது நல்ல பேரமாக இருக்கலாம். குடும்பத்திற்கு? பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். பாட்டிக்கு மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லலாம். வேலையிடத்தில் விடுப்பு தள்ளிப்போகலாம். ஐந்து பேரில் ஒருவருக்குத் தடை வந்தால் ஐவரின் பயணமும் நிற்கும். ஆகவே கட்டணமின்றி ரத்துச் செய்யக்கூடிய அறையை முதலில் பதிவு செய்யுங்கள். பயணத்திற்கு முன் ஒன்றிரண்டு முறை விலையை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பதிவு செய்துவிட்டுப் பழையதை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்வதற்கான கடைசி நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அந்தக் கெடு பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும்.

அடுத்தது ஆள் கணக்கு. இங்கே கேமரன்மலைக்கோ லங்காவிக்கோ போனால், இருவர் அறையில் பாய் விரித்து ஐந்து பேர் படுத்து எழுந்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பழைய கட்டடங்களில் அறைகள் சிறியவை. இத்தாலியில் தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதிக்காரர் போலீசாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து கடப்பிதழ்களையும் முகப்பில் நீட்டும்போது, இருவர் என்று போட்ட பதிவு செல்லுமா? இரவு பத்து மணிக்கு, தெரியாத ஊரில், இரண்டாவது அறையை அன்றைய முழு விலைக்கு எடுக்க நேரிடும்.

அதனால் தேடும்போதே உண்மையான எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் போடுங்கள். விலை ஏறித்தான் தெரியும். ஆனால் அதுதான் உங்கள் விலை. வயதைச் சொல்வதால் சலுகையும் வரலாம். லண்டனுக்குப் போகிறவர்கள் பிரிமியர் இன் விடுதிகளைப் பார்க்கலாம். பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் தங்கும் குடும்ப அறைகள் அங்கே உண்டு. ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டை விடுமுறை வாடகைக்கு விடுபவர், ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. ஐவராகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

மூன்றாவது, வரி. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், தங்கும் பயணிகளிடம் வசூலிக்கும் நகர வரி அப்படிப்பட்டது. இணையத்தில் காட்டும் விலையில் இது பல வேளைகளில் சேராது. விடுதியில் தனியாகக் கட்ட வேண்டிவரும்.

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, 12 வயது மகன், 8 வயது மகள். ரோம் நகரில் 2023 அக்டோபரில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, மூன்று நட்சத்திர விடுதியில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. ஆக நான்கு பேருக்கு 24 யூரோ. மூன்று இரவுக்கு 72 யூரோ! நான்கு நட்சத்திரம் என்றால் ஒருவருக்கு 7.50 யூரோ, மூன்று இரவுக்கு 90 யூரோ ஆகிவிடும். இதே குடும்பம் பாரிசுக்குப் போனால் பிள்ளைகள் இருவருக்கும் வரி கிடையாது. பிரான்சில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. ஆம்ஸ்டர்டாமிலோ, 2024 முதல் அறை விலையில் 12.5 விழுக்காடு வரி. ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. விலையை ஒப்பிடும்போது வரியையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

சில ஊர்களில் இதற்கு நேர்மாறாக நமக்கே திரும்பக் கொடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, பாசல் நகரங்களில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு, அந்த நாட்களில் நகரப் பேருந்திலும் டிராமிலும் இலவசமாகச் செல்லும் அட்டை தருகிறார்கள். ஐந்து பேருக்கும் பேருந்துக் கட்டணம் மிச்சமென்றால், அதையும் விடுதி விலையில் கழித்துத்தானே பார்க்க வேண்டும்?

நான்காவது, கிழமை. இதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. பிரசல்ஸ் நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் இருக்கின்றன. வார நாட்களில் அதிகாரிகளும் வணிகர்களும் வந்து அறைகளை நிரப்புவார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் திரும்பியதும் விலை இறங்கும். வெனிஸ் நகரில் இது தலைகீழ். வார இறுதியில்தான் கூட்டம். ஆகவே பிரசல்ஸை வெள்ளி, சனியிலும் வெனிசைத் திங்கள் முதல் வியாழனுக்குள்ளும் வைத்துப் பயணத்தை அமைத்துப் பாருங்கள். அதே விடுதி, அதே அறை. விலை மட்டும் மாறும். மியூனிக்கில் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் அக்டோபர் விழா, பிராங்க்பர்ட்டில் அக்டோபரில் நடக்கும் புத்தகச் சந்தை ஆகியவற்றின்போது அறை கிடைப்பதே அரிது. அந்த நாட்களைத் தவிர்ப்பதே பெரிய கழிவு.

ஐந்தாவது, இடம். விடுதியின் பெயரில் பாரிஸ் என்று இருந்தால் அது பாரிசில் இருக்கிறது என்று பொருளல்ல. வரைபடத்தில் இரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். புறநகரில் தங்குவது தவறில்லை. வெனிசுக்குப் பதில் மெஸ்த்ரேயில் தங்கினால் இரயிலில் பத்து நிமிடப் பயணம்தான். வெனிசில் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் அதே நகராட்சியைச் சேர்ந்ததால், அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதியிலிருந்து நகருக்கு ஒரு மணி நேரம் என்றால், மதியம் கால் வலிக்கும் பாட்டி அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்க முடியாது. மறுநாள் அவர், "நீங்கள் போய்ட்டு வாங்கய்யா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அவரையும் கூட்டிப்போனது அதற்காகவா?

மின்தூக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது. அங்கே முதல் மாடி என்பது தரைத்தளத்திற்கு மேலே உள்ளது. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் குளிர்சாதன வசதியைப் பற்றியும் கேட்க வேண்டும். ஐரோப்பாதானே, குளிராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இறுதியாக, அவசரப்படுத்துவோரைப் பற்றி. 'இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் மீதம்' என்ற வாசகம் நம்மைப் பதறவைக்கிறது. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் இதை ஆராய்ந்தது. அதன் விளைவாக 2019இல் முன்னணி முன்பதிவுத் தளங்கள் சில, தவறான பரபரப்பை உண்டாக்குவதில்லை என்றும், கழிவையும் கட்டாயக் கட்டணங்களையும் தெளிவாகக் காட்டுவதாகவும் வாக்குறுதி அளித்தன. ஆகவே கொஞ்சம் பொறுங்கள். விடுதியின் சொந்த இணையத்தளத்தையும் பாருங்கள், மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். முன்பதிவுத் தளத்தில் உள்ளதைவிடக் குறைவாக விற்கக்கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைப் பிரான்ஸ் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி செல்லாததாக்கியது. மற்ற சில நாடுகளும் அப்படியே செய்தன. நேரில் கேட்பவருக்கு விலையைக் குறைக்கவோ காலை உணவைச் சேர்க்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு. கேட்பதில் நமக்கென்ன நட்டம்?

அங்கே போய் அட்டையில் பணம் கட்டும்போது, யூரோவிலா வெள்ளியிலா என்று கருவி கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். வெள்ளியில் மாற்றித் தருவோர் பெரும்பாலும் தங்கள் இலாபத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நேயர்களே, பதிவு செய்யும் முன் குடும்பமாக உட்காருங்கள். ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: எல்லாருக்குமான அறை விலை, வரி, போக்குவரத்து, காலை உணவு. கூட்டி வரும் தொகையை வைத்து விடுதிகளை ஒப்பிடுங்கள். கணினியில் தட்டுவது பிள்ளைகளாக இருக்கட்டும். பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை படி ஏற முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஐவரும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, ஐவரும் சேர்ந்து வெளியே கிளம்புகிற விடுதி எதுவோ, அதில் கிடைப்பதே உங்களுக்குரிய கழிவு.