காய்ச்சல் என்றால் கொசு மட்டும்தானா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தேவர்கள் எறும்பு வடிவில் வந்து ஈசனை வணங்கிய தலம் என்பதால் நம் ஊர் திருவெறும்பூர் ஆனது என்கிறது தலபுராணம். சின்ன உயிரை அலட்சியம் செய்யக் கூடாது என்று ஊர்ப் பெயரே சொல்கிறது. நான் பேச வந்தது எறும்பைவிடச் சின்ன உயிரைப் பற்றி.

மழை தொடங்கினால் நம் வாட்ஸ்அப் குழுவில் கொசுப் பேச்சுதான். தொட்டியை மூடுகிறோம், புகை அடிக்கச் சொல்கிறோம். அது அவசியம். ஆனால் கொசுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காய்ச்சலும் இதே பருவத்தில் வருகிறது. டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள், பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரித்தது.

நாயின் மேல் பார்க்கிறோமே, அந்த உண்ணி இல்லை இது. புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்; கண்ணுக்கே தெரியாது. வழக்கமாக எலியைக் கடிக்கும். அந்தப் பக்கம் மனிதர் போனால் அவர் மேலும் ஏறிவிடும். கடித்தது வலிக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும்.

தென் அமெரிக்கக் கிராமங்களில் சாகஸ் என்றொரு நோய் உண்டு. 1909-ல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தது. மண்சுவர் விரிசலில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் தூங்குகிறவரைக் கடிக்கும் பூச்சியால் பரவுவது. மருந்து அடித்தும், சுவரைச் செப்பனிட்டும் பல இடங்களில் அதைக் குறைத்தார்கள். பூச்சி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே சுவர் விரிசல். இங்கே புதர், குப்பை, எலி வளை.

இதில் ஆபத்து, டெங்கு என்று நினைத்து ஏமாந்துவிடுவதுதான். இரண்டிலும் காய்ச்சல் வரும், தட்டணுக்கள் குறையலாம். ஆனால் டெங்குவைக் கொல்லும் மருந்து கிடையாது, இதற்கு உண்டு. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற சாதாரண மாத்திரைகள். சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிரைப் பறிக்கும். வழக்கமாக எழுதித் தரும் பெனிசிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. முற்றிய நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசியாகப் போட்டால் பலன் கூடுகிறது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் ஏறத்தாழ 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி என்று மறைவான இடங்களில் இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. கூச்சப்படாமல் தேடிப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் அது இருக்காது; இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல் என்றால், இதற்கும் ரத்தம் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம்.

இப்போது என் முக்கியமான விஷயம். மூன்றாம் மாடியில் இருக்கும் நமக்கு ஆபத்து குறைவு. யாருக்கு அதிகம்? நம் தோட்டத்தைச் சுத்தம் செய்பவர், காவல்காரர், சுற்றுக் கிராமங்களிலிருந்து நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள். விறகுக்கும் ஆட்டுக்கும் காட்டுப் பக்கம் போகிறவர்கள் அவர்கள்தான். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள், சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயத்தில். அந்தப் பயம்தான் ஐந்து நாளைப் பத்து நாளாக்குகிறது.

ஆகவே கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள். ஒன்று, நம் மதிலை ஒட்டிய காலி மனையில் தோட்டக் கழிவைக் கொட்டுவதை நிறுத்துவோம். புதரை வெட்ட மனைக்காரருக்கும் மாநகராட்சிக்கும் சங்கம் கடிதம் எழுதட்டும். இரண்டு, தோட்டக்காரருக்குப் பூட்ஸும் முழுக்கைச் சட்டையும் சங்கச் செலவில். மூன்று, நம்மிடம் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் என்றால், ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று தீர்மானம் போடுவோம்.

மூன்றாவதற்குத்தான் ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஒரு நாள் சம்பளம் நமக்குப் பெரிதில்லை. அவர்களுக்கு அது உயிராக இருக்கலாம். கை தூக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.