சின்ன மின்சாரக் கார்: ஓட்டிப் பார்க்கும்போது

மின்சாரக் காரை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிறவரை அசத்துவது அதன் அமைதியும், மிதித்தவுடன் கிளம்பும் வேகமும்தான். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. மிதியிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, அந்த ஓட்டத்தில் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. இதெல்லாம் நிஜம்தான். ஆனால், கார் நமக்கு ஒத்துவருமா என்பதைத் தீர்மானிப்பது நம் அன்றாட ஓட்டம். 2023இல் வந்த எம்ஜி காமெட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, பேட்டரி 17.3 கிலோவாட் மணி. ஒரு முழு சார்ஜுக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 230 கிலோமீட்டர். ஏசி, நான்கு பேர் பாரம் எல்லாம் சேர்த்து 150 என்றே குறைத்து வைத்தாலும், திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரம் போய்த் திரும்ப அது தாராளம்.

வழியில் சார்ஜ் போட இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சென்னைக்கு அடிக்கடி போகிறவருக்கு இந்தச் சின்னக் கார் சரிப்படாது. உள்ளூர் ஓட்டத்துக்கோ, வீட்டில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் இருந்தால் ஓர் இரவு போதும். விலை கூடுதல் என்பதும் உண்மை. தினமும் ஓடாத வண்டியில் அந்தப் பணம் திரும்பாது. ஆகவே, ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். குடும்பத்தோடு ஏறி, ஏசியைப் போட்டு, உங்கள் ஊர்ச் சாலையிலேயே ஓட்டி, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள்.