அரசவையில் கணியும் காலமும்
(திருவிழாக்காலச் சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டைத் தமிழ் வேந்தர் அவையில் அமைச்சர், படைத்தலைவர், புலவர் ஆகியோருடன் கணியும் இடம்பெற்றிருந்தார். நாளும் கோளும் கணிப்பவர் கணி. அவர்களுள் தலைமை பெற்றவர் பெருங்கணி. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு ஏற்படுத்திய பணியாளர் பட்டியலில் நட்டுவர், தச்சர், பொற்கொல்லர் ஆகியோரோடு கணிக்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் வழங்கப்பட்டது.

கணியின் முதற்கடமை காலத்தை அளப்பதாகும். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தையும் பிழையறக் கணித்த பின்னரே முடிசூட்டுக்கும் படையெடுப்புக்கும் அவர் நாள் குறித்தார். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்கிதை, அரசவைச் சோதிடர்க்குக் கணித அறிவும் வாய்மையும் தூய ஒழுக்கமும் இன்றியமையாதவை என வலியுறுத்துகின்றது.

நல்ல நேரம் வந்துவிட்டது. படையோ இன்னும் ஆயத்தமாகவில்லை. அரசன் யாது செய்வான்? அதற்கும் மரபில் வழியிருந்தது. குறித்த முகூர்த்தத்தில் மன்னனுடைய வாளையும் வெண்கொற்றக் குடையையும் முன்னே புறப்படச் செய்வர். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் அவ்வாறே செய்தான். பின்னரே படைக்குப் பெருஞ்சோறு அளித்து, சிவபெருமானை வணங்கி, யானைமீது ஏறினான். இடைக்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையும் இவ்வழக்கைக் குடைநாட்கோள், வாள்நாட்கோள் எனத் துறைகளாக்கி வைத்துள்ளது. நாளைப் போற்றிய மன்னர், முயற்சியைக் கைவிட்டாரல்லர் என்பது இதனால் விளங்கும்.

அரண்மனையின் நாட்கணக்கு ஆலயத்திலும் நிலைபெற்றது. இராசராசன் பிறந்த சதய நாளில் தஞ்சைக் கோயிலில் மாதந்தோறும் விழா எடுக்கப்பட்டது. விமானத்தின் செப்புத் தூபித்தறியில் வைக்கும் குடத்தை அம்மன்னன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் அளித்தான் எனக் கல்வெட்டு நாளெண்ணோடு கூறுகின்றது.

அன்பர்களே! அக்கணிகள் உரைத்த பலன்கள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. அவர்கள் குறித்த நாட்களோ நிலைத்தன. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டுடன் மாதமும் பட்சமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் உள்ளன. இவற்றைக் கொண்டே செர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், இராசராசன் 985ஆம் ஆண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடையே அரியணை ஏறினான் எனக் கணித்தார். தமிழறிஞர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையிலான காலத்துக்கு நாட்கணக்கு அட்டவணைகளை வகுத்து 1922இல் வெளியிட்டார். கணியின் ஒரு வரிக் குறிப்பு இல்லாதிருப்பின், சோழர் வரலாறு ஆண்டறியாக் கதையாகவே நின்றிருக்கும்.

ஆதலின், ஆலயங்களில் குடமுழுக்குக் கல் பதிப்போர் ஆண்டை மட்டும் பொறித்து அமைதல் கூடாது. திதி, கிழமை, நட்சத்திரம் அனைத்தையும் சரிபார்த்துப் பொறித்தல் வேண்டும். ஒன்று பிழைபட்டாலும் மற்றவை உண்மையைக் காட்டிக்கொடுக்கும். நல்ல நாள் பார்ப்பது இன்றைய தலைமுறைக்கு. அந்நாளைச் செம்மையாக எழுதி வைப்பது வருந்தலைமுறைக்கு. இவ்விரு கடமைகளையும் வழுவாது ஆற்ற எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!