பச்சைப் பாலனின் வலி

(நமது வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பச்சைப் பாலனுக்கு என்ன தெரியும்?" என்னும் பேச்சை, நமது சீனன்குடா வீடுகளிலே காது குத்தும்போதும், கிளினிக்கில் ஊசி ஏற்றும்போதும் கேட்கின்றோமன்றோ? மிஷன் பாடசாலையில் விஞ்ஞானம் பயின்ற நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கற்றறிந்த வைத்தியர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர் என அறிந்து திகைத்தோம்.

தாய் வயிற்றிலே பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் ஒரு சிறு குழாய் இணைக்கின்றது. பிறந்தபின் அது தானே மூடிக்கொள்ளும். குறைமாதச் சிசுக்கள் பலவற்றிற்கு மூடுவதில்லை. நுரையீரலில் இரத்தம் மிகுந்து மூச்சுத் திணறும். அப்போது மார்பைத் திறந்து அக்குழாயைக் கட்டுவதுண்டு. 1980களின் நடுப்பகுதியிலும், மேனாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் இச்சிசுக்களுக்குத் தசைகளை அசையவிடாத மருந்தும், மிஞ்சினால் மெல்லிய மயக்க வாயுவுமே கொடுக்கப்பட்டன. நரம்புகள் முதிராத சிசு வலி உணராது என்பது ஒரு காரணம். வலியடக்கும் மருந்து மூச்சையும் இரத்த அமுக்கத்தையும் தாழ்த்திவிடும் என்ற அச்சம் மற்றொன்று. அச்சம் பொய்யன்று. ஆனால், அசைய முடியாத சிசு அழுவதெங்ஙனம்?

அமெரிக்காவில் 1985 இல் இவ்வித சத்திரசிகிச்சைக்குப் பின் மகனை இழந்த தாயார் ஒருவர், மயக்க மருந்து கொடுக்கப்படாததைப் பின்னரே அறிந்தார். அவர் குரல் 1986 இல் பத்திரிகைகளில் ஒலித்தது.

இந்தியாவின் இந்தூரில் வைத்தியம் கற்று ஒக்ஸ்போர்ட் சென்ற டொக்டர் கன்வல்ஜித் ஆனந்த், சிசு சொல்ல இயலாததை அதன் இரத்தத்தில் தேடினார். 16 குறைமாதச் சிசுக்களுக்கும் நைதரசு ஒட்சைட்டும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தனர். 8 சிசுக்களுக்கு மாத்திரம், அபினைப் போன்று வலியடக்கும் பென்டனில் என்னும் மருந்தையும் கிலோ நிறைக்கு 10 மைக்குரோகிராம் வீதம் சேர்த்தனர். அது பெறாத 8 சிசுக்களின் இரத்தத்திலே, உடல் அதிர்ச்சியுறும்போது சுரக்கும் ஓமோன்கள் மிகுந்தன. பின்விளைந்த சிக்கல்களும் அவற்றிற்கே அதிகம். 1987 ஜனவரியில் லான்செட் சஞ்சிகையில் இது வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், வயதை மட்டுமே காரணங்காட்டி மயக்க மருந்தை மறுக்கலாகாது என அறிவித்தது.

அன்பர்களே, ஊசி ஏற்றும்போது தாய்ப்பால் ஊட்டினால் சிசுவின் வலி குறையும். உலக சுகாதார தாபனமும் 2015 இல் இதனைப் பரிந்துரைத்துள்ளது. இனிமேல் கிளினிக்கிலே "பாலனுக்கு என்ன தெரியும்?" என எவரேனும் கூறின், வாலிபராகிய நாம் வாளாவிருத்தல் தகாது. பிள்ளையைத் தாயின் மடியிற் கொடுக்கும்படி பணிவுடன் சொல்வோமாக. பெரியோர்களும் அதனைப் பொறுத்தருள்வார்களாக.